சுவிஃப்ட் நிரலுக்கு உயிர்மெய் அட்டவணை

கணினி நிரல் எழுதக் கற்பதற்குத் தமிழ் எதற்கு என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். ஆங்கில நூலில் உள்ள எடுத்துக்காட்டை அப்படியே தட்டெழுதினால் போதாதா என்பது அவர்களின் எண்ணம். போதாது என்பேன்.

மலேசியத் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் 2017ஆம் ஆண்டு கணினிச் சிந்தனை இணைக்கப்பட்டது. சுவிஃப்ட் மொழி அதில் இல்லை. அது ஆப்பிள் நிறுவனம் 2014இல் அறிமுகப்படுத்திய நிரல்மொழி. பிள்ளைகள் அதனைக் கற்பதற்கான இலவசச் செயலி 2016இல் ஐபேடுக்கு வந்தது. நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் வாங்கிய ஐபேடுகள் இங்கு ஜொகூரில் பல வீடுகளில் உண்டு. அவற்றைக் கொண்டே ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாலை வேளையில் சொல்லித் தருகிறேன்.

அணி என்பது மதிப்புகளை வரிசையாக இட்டு வைக்கும் பெட்டி. சுழற்சி என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தல். தனித்தனியே இரண்டும் எளிதில் விளங்கிவிடும். சுழற்சிக்குள் இருந்தபடி பெட்டியில் ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போதுதான் சிக்கல். வெற்றுப் பெட்டியின் முதல் இடத்தில் நேராக ஒரு மதிப்பை வைக்க முனைவார்கள். அப்படி ஓர் இடமே இல்லையென்று நிரல் நின்றுவிடும். 'அப்பெண்ட்' கட்டளைதான் பெட்டியை நீட்டிக் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும். பெட்டியை 'லெட்' என்று அறிவித்தால் எதுவும் சேராது, 'வார்' வேண்டும். இவற்றைக் கணினியே சுட்டிக்காட்டிவிடும்.

அது சுட்டிக்காட்டாத பிழை ஒன்று உண்டு. பெட்டியைக் காலியாக்கும் வரியைச் சுழற்சியின் தொடக்கத்தில் எழுதிவிடுவது. நிரல் தடையின்றி ஓடும், விடை மட்டும் தவறாக இருக்கும். நூல்களில் வரும் பழங்களின் பட்டியலில் பிள்ளைக்கு இது உறைப்பதில்லை. எத்தனை பழம் வந்தால் அதற்கென்ன?

உயிர்மெய் அட்டவணையைக் கொடுத்துப் பாருங்கள். க முதல் ன வரை 18 எழுத்துகள் ஓர் அணி. ஆகாரம் முதல் ஔகாரம் வரையிலான 11 துணைக் குறியீடுகளும், அகரத்திற்கென ஒரு வெற்றுச் சரமும் மற்றோர் அணி. (தனிக் குறியீடுகளைத் தட்டெழுதுவது பெருந்தொல்லை. நானே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடுவேன்.) வெளிச் சுழற்சியில் எழுத்து, உட்சுழற்சியில் குறியீடு, இரண்டையும் ஒட்டிப் பெட்டியில் சேர்க்க வேண்டும்.

216 வர வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே அறிந்தவர்கள். 12 மட்டும் வந்து ன, னா, னி என்று னகர வரிசை மட்டும் எஞ்சினால், வெளிச் சுழற்சி ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கவிழ்த்திருக்கிறது. 'னௌ' மட்டும் தனித்து நின்றால், கவிழ்ப்பு உட்சுழற்சியில் நடந்திருக்கிறது. எஞ்சிய எழுத்தே பிழையின் இடத்தைச் சொல்லிவிடுவதால் பிள்ளை ஆசிரியரை அழைப்பதில்லை. சுழற்சிகளை இடம் மாற்றினால் அதே 216 எழுத்துகள் க, ங, ச என்று நெடுக்காக வரும். இதை ஒரு மாணவி தானாகவே செய்து பார்த்தாள்.

'ஃபார்', 'அப்பெண்ட்' போன்றவை ஆங்கிலமாகத்தானே இருக்கின்றன என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர். இருக்கட்டும். பெட்டிக்குப் 'பெட்டி' என்றே தமிழில் பெயர் சூட்டச் சுவிஃப்ட் இடம் தருகிறது. 'தமிழ்' என்னும் சொல்லின் எழுத்துகளை எண்ணச் சொன்னால், பைத்தான் புள்ளியையும் இகரக் குறியீட்டையும் தனித்தனியே கணக்கிட்டு 5 என்கும். சுவிஃப்ட் நம்மைப் போலவே 3 என்கிறது.

அணியை ஒரே வரியில் உருவாக்கும் குறுக்குவழிகளும் உண்டு. அவற்றை இப்போதே காட்டிவிட வேண்டாம் என்று வீட்டில் கற்பிக்கும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பயிற்சியாக உயிர் 12, மெய் 18 ஆகியவற்றையும் அதே பெட்டியில் சேர்க்கச் சொல்வேன். 246 வரும். விடுபட்டது எது என்று நான் சொல்வதில்லை.