முக்திநாத்துக்கு ஏன் இத்தனை அவசரம்?

போன வாரம் உத்தர வீதியில் காபிப் பொடி வாங்கப் போன இடத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்தார்கள். காத்மாண்டு, பொக்காரா, முக்திநாத் எல்லாம் சேர்த்து ஏழே நாள். மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம், அங்கிருந்து ஜீப், அன்றைக்கே தரிசனம். அடியில் பொடி எழுத்தில், 'பெரியவர்களுக்கு மிகவும் ஏற்றது'.

அந்தக் கடைசி வரிதான் என்னை இதை எழுத வைத்தது. என்னைக் கேட்டால், பெரியவர்களுக்கு அதைவிட ஒவ்வாத பயணம் வேறு இல்லை.

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர்களுக்கு முக்திநாத் மேல் ஆசை வருவது சகஜம். 108 திவ்யதேசங்களில் முதலாவது நம் ஊர். இரண்டு இந்தப் பூமியிலேயே இல்லை. மீதி 106-ல் 105 இந்தியாவுக்குள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று எல்லை தாண்டி நேபாளத்தில் இருக்கிறது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் அது. (அது முக்திநாத்தா, இன்னும் வடக்கே இருக்கும் தாமோதர குண்டமா என்று பெரியவர்களுக்குள் பேச்சு உண்டு. அந்த வழக்கில் நான் வாய் திறக்க மாட்டேன்.) 105-ஐ முடித்தவர்களுக்கு அந்த ஒன்று நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பு எனக்கு நன்றாகவே புரியும். முப்பத்தைந்து வருஷம் பதிவேட்டில் டிக் போட்டுப் பிழைத்தவன் நான்.

2013-ல் நானும் என் மனைவியும் இப்படி ஒரு கூட்டத்தோடு போனோம். காலையில் பொக்காராவில் இட்லி. இருபது நிமிஷ விமானம். ஜோம்சோமில் இறங்கியவுடன் ஜீப். மத்தியானத்துக்குள் முக்திநாத். நூற்றெட்டு தாரைகளின் கீழும் ஓடி ஓடிக் குளித்தோம். ஐஸ் தண்ணீர். வெளியே வந்தபோது எனக்கு மண்டை பிளந்தது. அவள் கோவில் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். கர்ப்பகிருகத்தில் காவி உடுத்திய ஒரு பிக்குணி அவளுக்குத் தீர்த்தம் கொடுத்து, கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். "அவா யாருன்னா? பெருமாள் சன்னிதியில மொட்டையடிச்ச பொம்மனாட்டி எப்படி?" என்று இவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டியைக் கேட்டேன். நேரமாகிறது என்றார்.

திரும்பும்போது ஜோம்சோமில் காற்று கிளம்பிவிட்டது. அங்கே முற்பகல் தாண்டினால் பள்ளத்தாக்கில் பேய்க்காற்று. விமானம் காலையில் மட்டும்தான். ஜீப்பிலேயே கீழே இறங்கினோம். வழியில் வெள்ளையடித்த ஒரு கிராமம். மொட்டை மாடி விளிம்பெல்லாம் விறகு அடுக்கியிருந்தது. "ஒரு பத்து நிமிஷம் இறங்கிப் பார்க்கலாமா?" என்றாள். அதற்கும் நேரமில்லை. அது மார்ஃபா என்பதை ஊருக்கு வந்து வரைபடத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் 2019-ல் போய்விட்டாள். அந்தப் பிக்குணியைப் பற்றிக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டம் அரசியல்படி நேபாளம். பேச்சு, வீடு, வழிபாடு எல்லாம் பெரும்பாலும் திபெத்தியம். நாம் முக்திநாத் என்கிற இடம் அவர்களுக்குச் சூமிக் கியாட்ஸா, அதாவது நூற்றுச்சொச்சம் ஊற்று. குரு பத்மசம்பவர் திபெத்துக்குப் போகும் வழியில் இங்கே தியானம் செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் ஸ்ரீமூர்த்தி என்று சேவிக்கும் அதே விக்கிரகத்தை அவர்கள் அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். கோவிலைப் பராமரிப்பதில் அக்கம்பக்கத்துக் கிராமங்களின் பிக்குணிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பங்கு உண்டு. அவள் கேள்விக்கு இதுதான் பதில். இரண்டு நாள் அங்கே தங்கியிருந்தால் அவளே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள்.

இனி உடம்பு விஷயம். நம் மலைக்கோட்டை 83 மீட்டர். தொட்டபெட்டா 2,637. ஜோம்சோம் ஏறத்தாழ தொட்டபெட்டா உயரம். முக்திநாத் 3,700-க்கும் மேல். பொக்காரா 1,000 மீட்டர்கூட இல்லை. காலையில் அங்கே கிளம்பி மத்தியானம் மேலே நிற்பது எழுபது வயது நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். அசெட்டசோலமைட் மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று நீங்களும் சாப்பிட வேண்டாம். தாரையில் குளிக்காவிட்டால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

என் மைத்துனனும் நானும் வருகிற ஐப்பசியில் போவதாக இருக்கிறோம். அவன் கைலாஸம்தான் போக வேண்டும் என்றான். அரசாங்க கைலாஸ யாத்திரை 2020-லிருந்து நின்றுபோய் 2025-ல் மறுபடி தொடங்கியது உண்மைதான். ஆனால் அதற்கு வயது வரம்பு எழுபது. எங்கள் இருவருக்கும் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். அப்படியானால் முஸ்தாங்தான், அதுவும் முழுக்கத் தரை வழியாக என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன்.

பொக்காராவில் இரண்டு இரவு. அங்கேயே தாஷி பால்கேல் என்ற திபெத்திய அகதிகள் குடியிருப்பும் அதன் மடமும் இருக்கின்றன. பிறகு பேனி வழியாகத் தாதோபானி. பெயரே வெந்நீர் என்று அர்த்தம். வெந்நீர் ஊற்றில் காலை வைத்துக்கொண்டு ஒரு இரவு. அதற்கு மேல் சாலை மோசம். ஒரு பக்கம் தவுளகிரி, இன்னொரு பக்கம் அன்னபூர்ணா, நடுவில் காளி கண்டகி. சாளக்கிராமம் கிடைக்கும் ஆறு அதுதான். மழைக்காலத்தில் மண் சரியும், ஆகையால் ஆனி முதல் ஆவணி வரை யாரும் நினைக்கவே வேண்டாம். ஐப்பசியும் பங்குனியும்தான் சரி. சாலை ஆபத்து என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆகாயமும் அப்படித்தான். 2022 மே மாதம் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குப் போன சிறிய விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். ஜீப்பில் போனால் பயமாக இருக்கும் இடத்தில் இறங்கி நடக்கவாவது முடியும்.

மார்ஃபாவில் இரண்டு இரவு. கல் பாவிய சந்து, அதன் அடியிலேயே வாய்க்கால் ஓடும். ஆப்பிள் தோட்டங்கள். படியேறினால் ஊருக்கு மேலே ஒரு மடம். ஜப்பானியத் துறவி கவாகுச்சி ஏகாய் திபெத்துக்குள் நுழைவதற்கு முன் தங்கியிருந்த வீடு இங்கேதான் இருக்கிறது. அடுத்து காக்பேனியில் மூன்று இரவு. அங்கே 1429-ல் நிறுவிய செந்நிற மடம். ஆறு கூடும் இடத்தில் நேபாள இந்துக்கள் சிராத்தம் செய்கிறார்கள், நாம் அம்மா மண்டபத்தில் செய்வதுபோல. ஒரே ஊரில், ஒரே கரையில், மடத்தின் மணியும் பிண்டமும். அந்த ஊர்தான் எங்களுக்குத் தளம். காலையில் முக்திநாத் ஏறி, சேவித்து, வழியில் ஜார்கோட் மடத்தையும் பார்த்துவிட்டு, தூங்கக் காக்பேனிக்கு இறங்கிவிடுவோம். காக்பேனிக்கு வடக்கே மேல் முஸ்தாங். அதற்குத் தனி அனுமதி வேண்டும். அந்தப் பேராசை இல்லை.

இன்னொரு யோசனை, செலவில்லாதது. கிளம்புவதற்கு முன் பைலகுப்பே போய்வாருங்கள். திருச்சியிலிருந்து மைசூருக்கு ரயில், அங்கிருந்து குஷால்நகர் பஸ். 1960-களின் தொடக்கத்திலிருந்து திபெத்தியர்கள் வசிக்கும் குடியிருப்பு அது. நாம்ட்ரோலிங் மடத்தில் ஒரு காலை உட்கார்ந்தாலே போதும். மணிச் சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றுவது, மந்திரம் செதுக்கிய கல் சுவரை எந்தக் கைப்பக்கம் வைத்து நடப்பது என்று தெரிந்துவிடும். நம் பிரதட்சணம்தான், வலப்பக்கம். நான் மார்கழியில் போய்வந்தேன். முஸ்தாங்கில் யாரையும் முகம் சுளிக்க வைக்காமல் நடக்க அது போதும்.

"இந்த வயசுல ஒவ்வொரு ஊர்லயும் இறங்கி ஏறணுமா அத்திம்பேர்?" என்கிறான் மைத்துனன். காரைக்காலில் பிரெஞ்சில் படித்த நாளில் ஒரு வாத்தியார் அலெக்ஸாந்திரா தவீத்-நேலின் லாஸா பயணத்தைப் படிக்கச் சொன்னார். 1911-ல் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் பார்த்துவிட்டுப் போன அந்த அம்மாள், 1924-ல், ஐம்பத்தைந்து வயதில், யாத்திரை போகும் திபெத்தியக் கிழவி வேஷத்தில் லாஸாவுக்குள் நுழைந்தார். மாதக்கணக்கில் நடந்தே போனார். குடியானவர் வீடுகளில் தங்கி, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டார். நூறு வயதில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டவர். இதையெல்லாம் மைத்துனனிடம் சொன்னேன். "அவாளுக்கு முட்டி வலி இல்லை" என்றான்.

பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அவனுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று திரும்பி வந்தது. மார்ஃபாவில் 'இரண்டு இரவு' என்பதைச் சிவப்பு மையில் அடித்து 'ஒன்று' என்று திருத்தியிருக்கிறான். ஏற்க இயலாது என்று ஓரத்தில் குறிப்பெழுதி, தேதி போட்டு, இன்று காலைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.