மீட்க எத்தனை மணி நேரம்?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பர் 23 அன்று, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. புறநோயாளிகள் பதிவு, பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் என எல்லா வேலையும் பேனாவுக்கும் காகிதத்துக்கும் மாறியது. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும், பாதிப்புக்குள்ளாகாத பேக்கப் சர்வரிலிருந்து மருத்துவமனையின் இ-ஹாஸ்பிடல் மென்பொருளின் தரவு முழுவதும் மீட்கப்பட்டதாகவும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆனாலும் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் பிடித்தது. 1.3 டெராபைட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஹார்டு டிஸ்க்கில் கொள்ளும் அளவுதான். அதை நகலெடுக்கச் சில மணி நேரம் போதும். மீதி நாள்கள் புதிய சர்வர்களைத் தயார்செய்வதிலும், நெட்வொர்க்கைச் சுத்தம் செய்வதிலும் போயின. பேக்கப் வைத்திருப்பது வேறு, அதிலிருந்து விரைவாக மீள்வது வேறு. நம் பொது நிறுவனங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவதை அளந்து, மக்களிடம் சொல்லும் கடமையை அவற்றுக்கு விதிக்க வேண்டும்.

விரைவாக மீள்வதற்கான தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது. இன்றைய டேட்டா சென்டர்களில் ஒரு பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் அதன் இயங்குதளம், மென்பொருள், தரவு எல்லாவற்றோடும் சில கோப்புகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட நொடியில் அது இருந்த நிலையைப் பதிவு செய்வதே ஸ்னாப்ஷாட். பழைய முறையில், பேக்கப்பில் உள்ள எல்லாவற்றையும் மூல இடத்துக்கு நகலெடுத்து முடித்த பிறகே கணினியை இயக்க முடியும். விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பில் 10 டெராபைட்டை நகர்த்த, தடையே இல்லாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும். புதிய முறையில் அந்தக் காத்திருப்பு இல்லை. மெய்நிகர் கணினியை பேக்கப் சேமிப்பகத்திலிருந்தே நேரடியாக இயக்கிவிடலாம். கேட்கும் தரவு அப்போதைக்கப்போது அங்கிருந்து வரும், மிச்சம் பின்னணியில் மெல்ல இடம் மாறும். சில நிமிடங்களில் சேவை தொடங்கிவிடும். இந்த வசதி பத்தாண்டுக்கும் மேலாகச் சந்தையில் இருக்கிறது.

கருவியை வாங்கி வைத்தால் மட்டும் போதுமா என்பதற்கு மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் அனுபவம் விடை சொல்லும். 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மைத் தரவுத்தள சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் எஞ்சியது. அன்றாட பேக்கப் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் அது நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுக்கப்பட்ட ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அது இருந்த டிஸ்க்கின் வேகம் குறைவு என்பதால் சேவை திரும்ப ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. ஒரே ஒருமுறை மீட்டெடுப்பு ஒத்திகை நடத்தியிருந்தால் இந்தக் குறைகள் முன்பே வெளிப்பட்டிருக்கும். நடந்ததை மறைக்காமல் விரிவான அறிக்கையாக அந்த நிறுவனம் வெளியிட்டதால்தான் இன்று மற்றவர்களும் அதிலிருந்து கற்க முடிகிறது.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வேகமான சேமிப்பகமும் கூடுதல் சர்வர்களும் விலை அதிகம்தான். ஆனால் எல்லாக் கணினிக்கும் ஒரே வேகம் தேவையில்லை. மருத்துவமனைப் பதிவு, ரேஷன், பத்திரப்பதிவு போன்று மக்கள் வரிசையில் நிற்கும் சேவைகள் ஒரு மணி நேரத்தில் மீள வேண்டும், பழைய கோப்புக் கிடங்கு ஒரு வாரம் கழித்து வந்தாலும் குறையில்லை. சிக்கனம் என்று நினைத்து பேக்கப்பையே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தோனேசியா கண்டது. 2024 ஜூனில் சுரபயாவில் இருந்த தற்காலிகத் தேசியத் தரவு மையம் தாக்கப்பட்டது. 200க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் பாதிக்கப்பட்டன, விமான நிலையக் குடியேற்றச் சோதனை தடைபட்டது. அங்கே பேக்கப் எடுப்பது அந்தந்தத் துறையின் விருப்பமாக விடப்பட்டிருந்தது. 98 சதவீதத் தரவுக்கு பேக்கப் இல்லை என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள்.

அவசரமாக மீட்டால், ஊடுருவிய தீம்பொருளும் பேக்கப்போடு சேர்ந்து திரும்பி வராதா என்பது அடுத்த கேள்வி. நியாயமான அச்சம்தான். பல நாள்களின் நகல்களை, யாரும் திருத்தவோ அழிக்கவோ முடியாதபடி தனியிடத்தில் வைப்பதே அதற்கு மருந்து. மூலத் தரவு இருக்கும் அதே சேமிப்பகத்தில் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் கணக்கில் சேர்க்கவே கூடாது. சேமிப்பகம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். வேகமான மீட்டெடுப்பு, நகல்களில் தீம்பொருள் இருக்கிறதா என்று சோதிக்கவும் உதவுகிறது. நேற்றைய நகலையும் போன வார நகலையும் தனி நெட்வொர்க்கில் அடுத்தடுத்து இயக்கி, எது சுத்தமானது என்று பார்த்துவிடலாம். ஒத்திகையும் இப்படியே நடக்கும் என்பதால், இயங்கும் சேவைக்கு இடையூறு வரும் என்ற வாதமும் நிற்காது.

ஒத்திகை நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்துள்ள நிபந்தனை. 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று தேசியப் பங்குச் சந்தை வர்த்தகத்தின் இடையிலேயே தன் முதன்மை மையத்திலிருந்து மாற்று மையத்துக்கு மாறிக் காட்டியது. முதலீட்டாளரின் பணத்துக்குக் காட்டும் அக்கறையை நோயாளியின் மருத்துவப் பதிவுக்கும் குடிமகனின் பட்டாவுக்கும் காட்ட வேண்டாமா? மத்திய, மாநில அரசுகளின் ஒவ்வொரு முக்கியச் சேவையும் ஆண்டுக்கு இருமுறை மீட்டெடுப்பு ஒத்திகை நடத்தி, கடைசியாக நடத்திய தேதியையும் மீள எடுத்த நேரத்தையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சர்வர் எங்கே இருக்கிறது, எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லாததால் பாதுகாப்புக்கு இதனால் ஊறு இல்லை. அந்த இரண்டு விவரங்களையும் தர மறுக்கும் துறையிடம் பேக்கப் இருக்கிறது என்ற உறுதிமொழியை மக்கள் ஏற்க வேண்டியதில்லை.