கேப்போ போட்டா ஏமாத்து வேலையா? கிட்டார்காரர்கள் கவனிக்க வேண்டிய 'கட்டை' கணக்கு

பள்ளி ஆண்டு விழா ரிகர்சல்களில் அடிக்கடி நடப்பதுதான். கிட்டார் வாசிக்கும் மாணவருக்கு ஜி, சி, டி, இ மைனர் என நாலு கார்ட்தான் சரளமாக வரும். அதனால் எந்தப் பாட்டாக இருந்தாலும் ஜி ஸ்கேல், அதாவது நம்ம ஊர் கணக்கில் 5 கட்டை. பாட வரும் மாணவியின் குரலுக்கோ 6½ கட்டைதான் வசதி. 5 கட்டையில் பாடினால் கீழ் ஸ்வரங்கள் எல்லாம் வெறும் காற்றாகப் போகும். கடைசியில் திட்டு யாருக்கு? "சுருதியே சேரல கண்ணு" என்று பாடகிக்குத்தான் விழும். கிட்டார்காரரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இந்த அநியாயத்துக்குத் தீர்வு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிளிப். பெயர் கேப்போ. அதை கிட்டாரின் 3-வது ஃப்ரெட்டில் மாட்டிவிட்டு அதே ஜி, சி, டி வடிவங்களை வாசித்தால் ஒலிப்பது ஏ ஷார்ப், அதாவது 6½ கட்டை. விரல் மாறவில்லை, கட்டை மாறிவிட்டது.

ஆனால் கேப்போவை எடுத்தாலே "பார் கார்ட் பிடிக்கத் தெரியாதவங்க போடுறது" என்று கிண்டல் செய்ய நம்மூரில் ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கிண்டலில் நியாயம் இல்லை.

கேப்போ என்னதான் செய்கிறது?

கிட்டார் கழுத்தின் தலைப்பக்கம் 'நட்' என்ற பட்டை இருக்கும். கம்பியின் அதிரும் நீளம் அங்கேதான் தொடங்குகிறது. கேப்போ அந்தத் தொடக்கத்தை உள்ளே தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். 650 மி.மீ. நீளக் கம்பி உள்ள கிட்டாரில் 2-வது ஃப்ரெட்டில் மாட்டினால் மிச்சம் சுமார் 579 மி.மீ. 5-வதில் மாட்டினால் சுமார் 487. கம்பி குறையக் குறைய சுருதி ஏறும்.

ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஹார்மோனியத்தில் வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்த்து ஒரு கீ தள்ளிப் போவதற்குச் சமம். சி என்பது 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. இயின் பக்கத்து கீயே எஃப் என்பதால் 3½ என்ற கறுப்புக் கட்டை கிடையாது. இந்த ஒரு இடத்தில்தான் பலரும் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள்.

பாடுபவர் 1½ கட்டை என்றால் சி வடிவங்கள், கேப்போ 1-ல். 5½ என்றால் ஜி வடிவங்கள், கேப்போ 1-ல். 4 கட்டை கேட்டால் டி வடிவங்களுடன் 3-ல் போடலாம், சி வடிவங்களுடன் 5-லும் போடலாம். இரண்டும் ஒரே சுருதிதான், ஆனால் ஒலியின் நிறம் வேறு. மேலே போகப் போக மேண்டலின் மாதிரி சன்னமாக மின்னும். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் 1969-ல் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாடலுக்கு 7-வது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி வடிவங்களை வாசித்தார். கேட்பது ஏ. அவருக்கு பார் கார்ட் வராது என்று சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

அமராவதி நகரில் ஏன் இது முக்கியம்?

உடுமலைப்பேட்டையில் இருந்து சுமார் 25 கி.மீ. தெற்கே, அமராவதி அணையை ஒட்டி இருக்கிறது அமராவதி நகர். 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளிதான் ஊரின் அடையாளம். 6-ம் வகுப்பு முதல் 12 வரை, விடுதியிலேயே தங்கிப் படிப்பு. இசைக்காரர் கண்ணால் பார்த்தால் இது குரல் உடையும் வயது முழுவதையும் உள்ளடக்கிய வளாகம். 6-ம் வகுப்பில் கீச்சுக் குரலோடு வரும் பையன், 9-ம் வகுப்பை எட்டும்போது கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கியிருப்பான். 2021-22 கல்வியாண்டு முதல் சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் மாணவிகளும் சேர்கிறார்கள். அங்கே மட்டுமல்ல, திருப்பூர் மாவட்டத்தின் எந்தப் பள்ளிக் குழுவிலும் இதே கதைதான். ஒரே பாட்டுக்கு ஒரே வகுப்பில் மூணு, நாலு கட்டை தேவைப்படும்.

'கேப்போ ஏத்தத்தானே செய்யும், இறக்க முடியாதே' என்று கேட்கலாம். பாதிதான் உண்மை. வடிவத்தை மாற்றினால் இறக்கவும் முடியும். போன வருஷம் 2 கட்டையில் பாடிய பையனுக்குக் குரல் உடைந்து இப்போது கீழ் 6 கட்டைதான் வசதி என்றால், டி வடிவங்களை விட்டுவிட்டு ஜி வடிவங்களோடு 2-வது ஃப்ரெட்டில் மாட்டினால் போதும். அவனிடம் "உனக்குப் பாட்டு வராதுப்பா" என்று சொல்லி மைக்கைப் பிடுங்க வேண்டியதில்லை. அந்த வயதில் ஒருமுறை பிடுங்கப்பட்ட மைக்கைப் பலர் திரும்பத் தொடுவதே இல்லை.

நம்ம மரபு என்ன சொல்கிறது?

பாடுபவரின் சுருதிதான் முதலில், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் கட்டைக்குத் தன் தந்தியைச் சேர்த்துக்கொள்கிறார். மிருதங்கக்காரர் தாழ்ந்த சுருதிக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஒன்று என்று தனித்தனி வாத்தியம் வைத்திருப்பார். புல்லாங்குழல்காரரின் பையில் வெவ்வேறு நீளத்தில் குழல்கள் இருக்கும். நாகஸ்வரத்தில் குட்டையான திமிரி உச்ச சுருதிக்கு, நீளமான பாரி தாழ்ந்த சுருதிக்கு. பாரியைப் பரவலாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவரைக் குறுக்கு வழிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை.

ஹார்மோனியத்தில் 'ஸ்கேல் சேஞ்சர்' என்றே ஒரு வகை விற்கிறது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டாத மெல்லிசைக் குழு இருக்கிறதா? கிட்டார்காரர் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? அதற்காக பார் கார்டே கற்காமல் காலம் தள்ளலாம் என்று அர்த்தமில்லை. பாட்டின் நடுவில் ஒரு எஃப், ஒரு பி மைனர் வந்தே தீரும். கேப்போ விரலுக்குப் பதில் வராது.

எதை வாங்குவது?

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பிரிங் கிளிப் ஆரம்பத்துக்குப் போதும். ஒரே கையால் மாட்டலாம், கழற்றலாம். குறை என்னவென்றால் அதன் இறுக்கத்தை நாம் கூட்டிக் குறைக்க முடியாது. பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுபவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: நூல் டென்ஷன் கூடினாலும் கோளாறு, குறைந்தாலும் கோளாறு. கம்பியும் அப்படித்தான். அளவுக்கு மீறி அழுத்தினால் சுருதி லேசாக ஏறி, கார்ட் முழுக்கப் பிசகும். தளர்ந்தால் 'டிர்ர்' என்று இரையும். அதனால் அடிக்கடி மேடை ஏறுபவர் திருகு வைத்த வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நல்லது. எலாஸ்டிக் பட்டை வகை சீக்கிரம் தளர்ந்துவிடும், தவிர்க்கலாம்.

விலையை விட முக்கியம், எந்தக் கிட்டாருக்கு என்பது. ஸ்டீல் கம்பி கிட்டாரின் விரல்பலகை லேசாக வளைந்திருக்கும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரின் பலகை தட்டை, அகலமும் கூட. வளைந்த பட்டை கொண்ட கேப்போவை அதில் மாட்டினால் எல்லாக் கம்பிகளிலும் அழுத்தம் ஒரே சீராக விழாது. கடையில் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் கிட்டாரையே கையோடு எடுத்துப் போங்கள்.

மாட்டும்போது ஃப்ரெட்டின் உலோகக் கம்பிக்கு மேலே வைக்கக் கூடாது. அதற்குச் சற்று முன்னால், தலைப்பக்கமாக, ஒட்டினாற்போல இணையாக வைக்க வேண்டும். மாட்டிய பிறகு ஆறு கம்பிகளையும் தனித்தனியாகத் தட்டிக் கேட்டு, டியூனரில் மறுபடியும் ஒருமுறை சுருதி பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க இறுக்கியபடி விட்டால் ரப்பரில் கம்பித் தடம் விழும், கொஞ்ச நாளில் அந்தப் பள்ளத்தில்தான் இரைச்சல் தொடங்கும்.