வரலாறு சோறு போடாதா?

"வரலாறு படித்தால் வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைத்தால்தான்" என்னும் பேச்சு மலேசியத் தமிழர் இல்லங்களில் மந்திரம்போல் ஓதப்பட்டு வருகிறது. மருத்துவம், சட்டம், பொறியியல் என்னும் மூன்று வாயில்களுக்கு அப்பால் பல்கலைக்கழகத்திற்கு வேறு கதவே இல்லையென எண்ணும் பெற்றோரை மன்னிக்கலாம். தோட்டப்புறத்து வறுமை கற்பித்த அச்சம் அது. அவ்வச்சத்தையே அறிவுரையாக வழங்கும் ஆசிரியரை எங்ஙனம் மன்னிப்பது?

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி வேண்டும் என்பது 2013 முதல் விதி. விளைவு, மனப்பாடம். ஆண்டுகளை ஒப்புவிப்பதே வரலாறு என்று நம்பிவிட்ட மாணவன் அதனை மேற்கொண்டு பயில விரும்பாமையில் வியப்பென்ன?

பல்கலைக்கழகம் கற்பிப்பது வேறு. ஓர் ஆவணத்தை எழுதியவன் யார், எதனை மறைத்தான் என வினவும் பழக்கம் அது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்க. கூலி உயர்வு கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கோரினர். கூலிக் கணக்கை மட்டும் புரட்டுவோன் இம்மூன்றாவதைக் காணான். அது காசைப் பற்றியதன்று, மானத்தைப் பற்றியது. இவ்வாறு காணப் பழகிய கண்ணை நாளிதழும் அருங்காட்சியகமும் அயலுறவுத் துறையும் வேண்டாவெனத் தள்ளுமா? சிங்கப்பூரில் அன்றிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற வாங் கங்வூ, 1986இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஒருவர் உயர்ந்தமையால் எல்லாரும் உயர்வர் என்பது வாதமாகாதுதான். ஆயினும் வரலாறு பயின்றோர்க்கு ஒரே வழிதான் உண்டு என்பாரின் கூற்றைப் பொய்யாக்க அவ்வொருவரே போதும்.

சோற்றுக் கணக்கினும் பெரிய கணக்கொன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த சின்னப்பா அரசரத்தினம், மலேசிய சிங்கப்பூர் இந்தியர் பற்றிய தம் ஆங்கில நூலை 1970இல் வெளியிட்டார். அத்தகைய உழைப்பைத் தொடர ஆள் வேண்டும். 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள் திரும்பி வந்தோர் பேரப்பிள்ளைகளிடம் சொன்ன செய்திகளுள் ஏட்டில் ஏறாதவை பல. சொன்னவரும் மறைந்து வருகின்றனர். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது. அதன் பழைய இதழ்களில் தொழிலாளர் வாழ்வு தமிழிலேயே பதிந்து கிடக்கிறது. வரலாற்று முறை பயின்ற பிறர்க்கு அத்தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த பிள்ளைகளையோ அத்துறைப் பக்கமே போகாதே என்று ஆசிரியர் தடுக்கின்றனர். பின் அவ்விதழ்களைப் படிப்பார் யார்?