"நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டாதீங்க!

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆராய்ச்சி மாணவர் அணுசக்தி நகருக்கு வந்து, எங்கள் கட்டிடத்தில் நாலைந்து தமிழர்களிடம் ஒரு படிவத்தை நீட்டினார். அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது என்று புற்றுநோயாளிகள் குறிக்கவேண்டிய படிவம். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம். "புரியுதான்னு மட்டும் பாருங்க சார்" என்றார். நாங்கள் எல்லாம் எம்.எஸ்ஸி., பி.இ. ஆசாமிகள். காபி ஆறுவதற்குள் படித்து, ஒரு சந்திப்பிழையைத் திருத்தி, "நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டோம்.

அப்புறம் தாராவியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கீமோ நடந்தபோது அதே படிவம் வந்தது. பள்ளிக்கூடம் போகாதவர். நான்தான் வாசித்தேன்.

பொழுதுபோக்குகளில் ஈடுபடத் தடை இருந்ததா?

"எனக்கு ஏதுய்யா பொழுதுபோக்கு? கொஞ்சங்கூடக் கிடையாதுன்னு போடு."

'சிறிதும் இல்லை'யில் டிக். படிவத்தின் கணக்குப்படி தடையே இல்லை, அம்மணி ஜம்மென்று இருக்கிறார்!

மனச்சோர்வு?

"சோர்வுதான்யா, எந்திரிக்கவே முடியல." கேட்டது மனசை, சொன்னது உடம்பை.

கனமான பெட்டியைத் தூக்கச் சிரமமா?

"நான் எந்தப் பெட்டியத் தூக்குனேன்? தண்ணிக் குடம்லா தூக்க முடியல!"

கடைசியில் 1 முதல் 7 வரை மதிப்பெண். அதுவரை எண் கூடினால் கஷ்டம் கூட. இங்கே மட்டும் எண் கூடினால் நலம் கூட. பெரியம்மா பழைய கணக்கிலேயே 6 என்றார்.

வெறும் காகிதம்தானே என்கிறீர்களா? புது மருந்து பழையதைவிட ஆளை அதிகம் வாட்டுகிறதா என்று ஒப்பிடும்போது இந்த டிக்குகளும் கணக்கில் சேர்கின்றன. தாராவியின் வலி அங்கே சுகமாகப் பதிவாகிறது.

வழி தெரியாமல் நடக்கும் தப்பில்லை இது. இ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தன் 30 கேள்விப் படிவத்தை மொழிபெயர்த்தபின் 10 முதல் 15 நோயாளிகளிடம் சோதிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு கேள்வியாக, புரிந்ததா, குழப்பமா, மனசு நோகுதா, நீங்களாக இருந்தால் எப்படிக் கேட்பீர்கள் என்று விசாரிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத்தரக் கேள்விகளை உருவாக்கிய 15 மையங்களில் சென்னையும் ஒன்று.

நேரம் இல்லையாம், ஆள் கிடைக்காதாம். பதினைந்து பேர்தான் சாமி! எங்கள் காலனியில் காபி குடித்த நேரத்துக்கு சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்திருக்கலாம்.

மாதுங்கா, செம்பூர் ஜனங்களே, உங்களிடமும் ஒருநாள் இப்படி ஒரு படிவம் வரும். 'நோயாளிகிட்டக் கேட்டீங்களா?' என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் பதிலை நாமே போட்டுவிடாமல், 'என்ன நெனச்சு அப்படிச் சொன்னீங்க?' என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

நான் விசாரித்தேன். பெரியம்மா சொன்னார்: "முன்னால ஆசையாச் செஞ்சத இப்ப செய்ய முடியுதான்னு கேக்க வேண்டியதுதானே? சாயங்காலம் வாசல்ல உக்காந்து நாலு பேருகிட்டப் பேசுவேன். மூணு மாசமா அது இல்லய்யா."

எங்கள் எம்.எஸ்ஸி. கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி அது.