மூத்தம்மாவின் வட்டா



சில வருடங்களுக்கு முன் மகளோடு காத்தான்குடி பூர்வீக நூதனசாலைக்குப் போனேன். அக்கால முஸ்லிம்களின் வாழ்க்கையைக் காட்டும் ஆளுயர உருவங்களும், பழைய வீட்டுச் சாமான்களும் அங்கே இருந்தன. ஒரு வெற்றிலை வட்டாவின் முன் அப்படியே நின்றுவிட்டேன்.

1990இல் பிறந்த ஊரை விட்டு உயிர் தப்பி ஓடியபோது, மூத்தம்மாவின் வட்டா வீட்டோடு போய்விட்டது.

“இது என்ன உம்மா?” என்றாள் மகள். அன்றுதான் அவளுக்கு மூத்தம்மாவின் கதையைச் சொன்னேன்.

பிறகு நாங்கள் குடியேறிய ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டங்களும் போயின.

யுத்தத்தில் போனதும் கடலில் போனதும் திரும்பி வராது. அவற்றின் கதை நம்மிடம் இருக்கிறது. இன்றிரவே பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்; அவர்கள் கொப்பியில் எழுதி வைக்கட்டும்.