பழுப்புத் தண்ணீரும் முதியவர்களின் பயமும்

"தண்ணீர் சோதனை இலவசம்" என்று சொல்லித்தான் ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பான் விற்பனையாளர்கள் படியேறுகிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் பென்ஷன் வாங்கும் தம்பதி மட்டும். மேஜைமேல் இரண்டு டம்ளர்கள்: ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் பொருத்திய கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டதும், சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் துருநிறமாகிறது. "இதையா ஐயா இத்தனை நாள் குடிச்சீங்க?"

உண்மையில் கரைவது கருவியின் இரும்புக் கம்பி. தண்ணீரில் இயல்பாக உள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு அரித்துத் துருவாகப் படிகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் தெளிவாக இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அதுவும் பழுப்பாகும். இத்தகைய உப்புகள் உள்ளிட்ட கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500.

இந்தச் 'சோதனை' அப்பட்டமான மோசடி.

பொய்யான தகவல் தந்து விற்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் தனியாக வாழும் எழுபது வயதுக்காரர் வழக்குக்கு அலைவாரா? வீடு தேடிவந்து விற்றதை ரத்துசெய்ய அமெரிக்காவில் 3 வேலை நாட்களும் ஜப்பானில் 8 நாட்களும் அவகாசம் உண்டு. அத்தகைய தெளிவான உரிமை இங்கும் சட்டமாக வேண்டும். ரசீதிலேயே அதை அச்சிட வேண்டும்.

அதுவரை, பிள்ளைகள் பெற்றோரின் போனில் இரண்டு எண்களைப் பதிந்து கொடுக்கலாம்: நுகர்வோர் உதவிக்கு 1915, முதியோர் உதவிக்கு 14567.